ரப்பர் ஸ்டாம்ப்: தமிழில் என்ன சொல்வது?

குடியரசுத் தலைவர் தேர்தல் வரும்போதெல்லாம் இந்தச் சொல்லும் கூடவே வந்துவிடும். 2022-இல் எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளராக நின்ற யஷ்வந்த் சின்ஹா, தான் வந்தால் ரப்பர் ஸ்டாம்பாக இருக்க மாட்டேன் என்று போன இடமெல்லாம் சொன்னார். ஜெயித்தது திரௌபதி முர்மு. ஓட்டு நமக்கில்லாத தேர்தல் என்பதால் நம் பங்குக்குக் கிண்டல்தான் மிச்சம். அந்தக் கிண்டலுக்கு இந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது.

பொருள் சிக்கலானதல்ல. முடிவை வேறொருவர் எடுப்பார், அது இவர் பெயரில் வெளியே போகும். வந்த காகிதத்தில் பதிவது மட்டும்தான் இவர் வேலை.

இதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது ஓர் அலுவலகத்தில். சான்றிதழ் நகலில் கையெழுத்தெல்லாம் வாங்கியாகிவிட்டது. சீல் குத்த வேண்டும். சீல் மேசை இழுப்பறையில், இழுப்பறை பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார். அதிகாரி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், ஆனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து உதவியாளர் வந்து, ஸ்டாம்ப் பேடில் ஒரு அழுத்து, காகிதத்தில் ஒரு குத்து. நகலில் என்ன இருந்தது என்று அவர் பார்க்கவே இல்லை. சீலும் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குத்து விழாமல் காகிதம் செல்லாது. படிக்காமல் பதிவது, பதியாவிட்டால் செல்லாமல் போவது, இரண்டும் சேர்ந்ததுதான் ரப்பர் ஸ்டாம்ப்.

சொல்லின் பூர்விகம் வேடிக்கையானது. பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்க உதவியதால்தான் ஆங்கிலத்தில் அந்தப் பொருளுக்கு ரப்பர் என்று பெயர் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் ரப்பர் என்றால் அழிப்பதுதான். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் 1860-களில் அமெரிக்காவில் ரப்பர் முத்திரைகள் வந்தன. அதற்கு முன் முத்திரை என்றால் உலோகம், அல்லது கல். அரசன் விரலில் மோதிரமாகக் கிடந்தது, அவனை விட்டுப் பிரியாதது. ரப்பர் வந்ததும் மலிவாகிவிட்டது, குமாஸ்தாவின் இழுப்பறைக்குப் போய்விட்டது. உடையவர் ஓரிடம், குத்துகிற கை வேறிடம் என்றான பிறகு, ஆளையே அப்படி அழைப்பதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை.

இந்தியாவில் இந்தச் சொல்லுக்கு ஒரு முகம் கொடுத்தது கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாமின் படம். நெருக்கடிநிலைக் காலம், 1975 டிசம்பர் 10, இந்தியன் எக்ஸ்பிரஸ். குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் கிடக்கிறார். கதவிடுக்கில் நீளும் கையிடம் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கொடுத்தபடியே சொல்கிறார்: இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். படத்தில் ஸ்டாம்பும் இல்லை, சீலும் இல்லை. ஒரு தொட்டி, ஒரு பேனா, அவ்வளவுதான். பத்திரிகைத் தணிக்கை இருந்த நாளில் இது அச்சேறியதை நினைத்தால் இன்றும் ஆச்சரியம்தான்.

ஆளைக் கிண்டல் செய்கிறோம், சரி. ஆனால் பதவியே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்று 1976-இல் 42-ஆவது திருத்தம் எழுதியே வைத்தது. ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று 1978-இல் 44-ஆவது திருத்தம் கொஞ்சம் தளர்த்தியது. திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியும் சில நேரம் முத்திரை ஒட்டிக்கொண்டுவிடும். தலைவி இந்திரா காந்தி சொன்னால் துடைப்பம் எடுத்துப் பெருக்கவும் தயார் என்று சொன்ன ஜெயில் சிங் 1982-இல் குடியரசுத் தலைவரானபோது, இவரைவிடப் பொருத்தமான ரப்பர் ஸ்டாம்ப் கிடைக்காது என்றுதான் ஊர் சிரித்தது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு இடம் கொடுக்கும் அஞ்சல் மசோதா 1986-இல் அவரிடம் வந்தது. ஒப்புதல் கொடுக்கவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, அப்படியே வைத்துக்கொண்டார். இத்தனை நாளுக்குள் என்று அரசமைப்பில் கெடு இல்லாதது அவருக்கு வசதியாகப் போயிற்று. அந்த மசோதா கடைசிவரை சட்டமாகவே இல்லை.

அப்துல் கலாமுக்கு இரண்டு பக்கமும் கணக்கு உண்டு. 2005-இல் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆணைக்கு நள்ளிரவில் ஒப்புதல் கொடுத்தார். கலைத்தது செல்லாது என்று பின்னால் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே ஆதாயம் தரும் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார், மறுபடி வந்ததும் கையெழுத்திட்டார். ஆனாலும் எங்கள் ஊர் டீக்கடையில் கலாமை ரப்பர் ஸ்டாம்ப் என்று சொல்லிப் பாருங்கள், டீ வராது.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? தலையாட்டி பொம்மை என்று எழுதுகிறார்கள். தஞ்சாவூர்ச் சரக்கு, பார்க்க அழகு, தட்டினால் ஆடும். ஆனால் அது ஆடாவிட்டால் எந்தக் காகிதமும் செல்லாமல் போகாது. கைப்பாவைக்கும் இதே குறைதான்: பின்னால் இருக்கும் கை தெரிகிறது, பொம்மையின் மதிப்பு தெரியவில்லை. ஆமாம் சாமி என்பது பண்ணையாரின் பக்கத்தில் நிற்பவருக்குச் சரி, நாட்டின் முதல் குடிமகனுக்குப் பொருந்தாது.

முத்திரை என்று நேராக மாற்றலாமே என்றால், அங்கேதான் தமிழ் வழுக்குகிறது. முத்திரை பதித்தவர் என்றால் நமக்குப் பாராட்டு. 'முத்திரை பதித்த குடியரசுத் தலைவர்' என்று எழுதினால் மாலை போட்டதாகிவிடும். முத்திரை குத்துவது என்றால் ஒருவருக்குப் பட்டப்பெயர் கட்டுவது, அது வேறு வழக்கு. முத்திரையே வடசொல் என்று தள்ளினால் பழந்தமிழில் பொறி இருக்கிறது. அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் ஆவண மாக்கள் குடத்தின் மேலிட்ட பொறியைப் பார்த்து, பிறகு அதை அழித்து, உள்ளே உள்ள ஓலையை எடுக்கிறார்கள். ஓட்டுப்பெட்டியின் சீலைப் பார்த்துவிட்டு உடைப்பது போலத்தான். ஆனால் இன்று பொறி என்றால் எலிப்பொறியோ தீப்பொறியோதான் நினைவுக்கு வரும்.

ஆகவே இந்தச் சொல்லில் வசவு முழுவதும் ரப்பரில் இருக்கிறது, ஸ்டாம்பில் இல்லை. கட்டுரையில் 'ரப்பர் முத்திரை' என்று பாதி மாற்றி எழுதுவதே நல்லது. முழுக்கத் தமிழில்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் பங்குக்கு ஒன்று: முத்திரைக் கட்டை. பழைய சீலுக்கு மரக் கைப்பிடி இருக்கும். உயிரில்லாத உடம்பையும் நாம் கட்டை என்றுதானே சொல்கிறோம். வழக்கில் நிற்குமா என்பது மேடைப் பேச்சாளர்கள் கையில் இருக்கிறது.

இன்னொன்று. ஊராட்சித் தேர்தலில் நாம் வாக்குச்சீட்டில் குத்துவது ரப்பர் முத்திரையால். குடியரசுத் தலைவர் தேர்தலில், 2022 கணக்குப்படி ஓட்டு ஒன்றுக்கு 176 மதிப்புள்ள நம் சட்டமன்ற உறுப்பினருக்குத் தேர்தல் ஆணையம் ஊதா மைப் பேனா ஒன்றைத் தருகிறது. வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2 என்று எண் எழுத வேண்டும். ஓட்டுப் போட ரப்பர் முத்திரை அங்கே கிடையாது.