ஸ்வாவ்: ஜேம்ஸ் பொண்ட் ஆகப் போறவைக்கு ஒரு சொல் விளக்கம்

ஜேம்ஸ் பொண்ட் மாதிரி வாழுறது எப்பிடி எண்டு யூரியூப்பில ஒருக்காத் தேடிப் பாத்தியள் எண்டா ஒரு இங்கிலிசுச் சொல் விடாமத் துரத்தும், ஸ்வாவ் (suave). ஸ்வாவா நட, ஸ்வாவாக் கதை, ஸ்வாவா கோட்டுப் போடு, கதிரையில இருக்கிறதெண்டாலும் ஸ்வாவா இரு. எங்கட பொடியளும் இப்ப உதைப் பிடிச்சிட்டாங்கள், ரியூசன் வாசல்ல தலையை வழிச்சு இழுத்துக்கொண்டு நிக்கிறவனும் ஸ்வாவ்தான், வெளிநாட்டால வந்து கலியாண வீட்டுக்குள்ளயும் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டாத மாமாவும் ஸ்வாவ்தான். சரி, உதுக்குத் தமிழ் என்னடாப்பா எண்டு கேட்டா ஒருத்தன் ஸ்டைல் எண்டுறான், ஒருத்தன் கெத்து எண்டுறான், அது சென்னைப் படங்களோட கடல் தாண்டி வந்த சொல், இன்னொருத்தன் எடுப்பு எண்டுறான். எடுப்பு எண்டா யாழ்ப்பாணத்தில என்ன கருத்தெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, "உவர் பெரிய எடுப்பு" எண்டு ஆரும் சொன்னா அது பாராட்டில்ல.

சொல் லத்தீன் மொழியால வந்தது. அங்க சுவாவிஸ் எண்டா இனிமையான, நாக்குக்கும் மூக்குக்கும் காதுக்கும் இதமான எண்டு கருத்து. பிரெஞ்சு வழியா இங்கிலிசுக்குள்ள பூரேக்கயும் அதே கருத்தோடதான் பூந்தது. ஆக்களுக்கு அதைச் சொல்லத் தொடங்கினது பேந்து, 19ஆம் நூற்றாண்டில, பழக இதமான, ஆரோடயும் உரசாம வழுக்கிக்கொண்டு போற ஆள் எண்டு. ஸ்பானிஷ்காரர் இண்டைக்கும் மெத்தெண்ட துணியை சுவாவே எண்டுதான் சொல்லுவினம். இங்கிலிசில இனிப்புக்குச் சொல்லுற ஸ்வீட், ஒருத்தரைக் கதைச்சு இணங்க வைக்கிறதுக்குச் சொல்லுற பெர்சுவேட், சமஸ்கிருதத்தில ஸ்வாது, எல்லாம் ஒரே வேரில வந்த சகோதரங்கள். அப்ப எங்கட சுவையும் அதிலயிருந்துதானே எண்டு உடன ஒரு கூட்டம் வரும், இல்லாட்டி சுவையிலயிருந்துதான் லத்தீனே வந்ததெண்டு அதைவிடப் பெரிய கூட்டம் வரும். சத்தம் ஒத்துப் போகுதெண்டு மட்டும் உறவு கொண்டாட ஏலாது, சுவைக்கு மலையாளத்திலயும் கன்னடத்திலயும் சொந்தக்காரர் இருக்கினம், அது திராவிட வீட்டுப் பிள்ளை.

இதில கவனிக்க வேண்டியது என்னெண்டா, இனிமை எண்டுறது மற்ற ஆளுக்குத் தெரியிற விசயம். தன்ர நாக்கே தனக்கு இனிக்காது. அப்ப ஸ்வாவ் எண்டுறதை நீங்கள் கண்ணாடிக்கு முன்னால நிண்டு உங்களுக்குச் சொல்லிக்கொள்ள ஏலாது, பக்கத்தில நிக்கிறவர்தான் சொல்லோணும். இங்கிலிசில அந்தச் சொல்லுக்குள்ள கொஞ்சம் சந்தேகமும் ஒளிச்சிருக்குது, ஆள் நல்லா இனிக்க இனிக்கக் கதைக்கிறார், ஆனா காசு விசயத்தில கவனம் எண்டுற மாதிரி. எங்கட ஊரில "நயமாக் கதைக்கிறான்" எண்டு சொல்லேக்கயும் அதே இழுவை இருக்குது, நயத்துக்குப் பக்கத்திலதான் நயவஞ்சகமும் குடியிருக்குது.

இனி ஜேம்ஸ் பொண்ட். அந்த உளவாளியை உண்டாக்கின எழுத்தாளர் இயன் பிளெமிங் 1952இல ஜமைக்காவில இருந்து எழுதி 1953இல முதல் நாவல் வந்தது. பிளெமிங் ரெண்டாம் உலகப் போரில பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில வேலை செய்த ஆள், எண்டபடியா உளவாளியள் எப்பிடி இருப்பினம் எண்டு அவருக்குத் தெரியும். பேர் வைக்கேக்க ஒரு கவர்ச்சியும் இல்லாத, கேட்டா மறந்து போற பேராத் தேடி, கரீபியன் தீவுப் பறவையளைப் பற்றி எழுதின அமெரிக்கப் பறவை ஆராய்ச்சியாளர் ஒருத்தற்ற பேரை எடுத்துக்கொண்டார், அவர்தான் உண்மையான ஜேம்ஸ் பொண்ட். ஆளும் சப்பெண்டு இருக்கோணும், சம்பவங்கள்தான் அவருக்கு நடக்கோணும், அரசாங்கத்தின்ர கையில இருக்கிற ஒரு மொட்டை ஆயுதம் மாதிரி எண்டுதான் பிளெமிங் நினைச்சது, அதை அவரே சொல்லியும் இருக்கிறார். நாவல்ல வாற ஆள் கனக்க இடத்தில முசுடுதான்.

இந்த வழுவழுப்பு வந்தது 1962இல முதல் படத்தோட. அதில பொண்டா நடிச்ச ஷோன் கோனரி எடின்பரோவில தொழிலாளி வீட்டுப் பிள்ளை, பால் வண்டில் ஓட்டி, கடற்படையில சேந்து, பேந்து சவப்பெட்டி மினுக்கி, உடம்பு வளத்து வந்த மனுசன். இயக்குநர் ரெரன்ஸ் யங் அவரைத் தன்ர ரெயிலரிட்ட, லண்டன் அன்ரனி சின்கிளயரிட்ட, கூட்டிக்கொண்டு போய் அளவெடுப்பிச்சு, நடக்கிறது, சாப்பிடுறது எல்லாத்தையும் பழக்கினார், கோட்டு உடம்போட ஒட்டோணும் எண்டு அதைப் போட்டுக்கொண்டே படுக்கச் சொன்னதெண்டு ஒரு கதையும் இருக்குது. ஆக ஸ்வாவ் எண்டுறது பிறப்பில வாறதில்ல, ஒருத்தர் இருந்து பழக்கினா வரும், இதில மட்டும் அந்த யூரியூப்காரரோட எனக்குச் சண்டையில்ல.

சண்டை வேற இடத்தில. உவையள் பழகச் சொல்லுறது எல்லாம் கடையில விக்கிற சாமான்: மணிக்கூடு, கோட்டு, சென்ற், மினுங்கிற சப்பாத்து, குலுக்கின மார்ட்டினி. கலியாண வரவேற்பில ஏசி வேலை செய்யாத மண்டபத்தில மூண்டு துண்டுக் கோட்டோட நிக்கிற மாப்பிள்ளையைப் பாத்திருப்பியள், கழுத்துப் பட்டிக்குள்ளால வேர்வை ஒரு கோடா இறங்க இறங்க போட்டோக்காரன் சிரிக்கச் சொல்லுறான், தோழன் லேஞ்சியால ஒத்தி ஒத்தி விடுறான், அதில எங்க ஸ்வாவ். குடியைப் பற்றியும் சொல்லிப்போட்டுப் போறன். 2013இல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் நத்தார் இதழுக்காக மூண்டு வைத்தியர்மார் பிளெமிங்கின்ர நாவலுகளை வைச்சு, பொண்ட் குடிச்சதைக் கணக்குப் பாத்தினம், கிழமைக்கு 92 யூனிற் (குடியில இருக்கிற அற்ககோலுக்கு பிரிட்டனில வைச்சிருக்கிற அளவு), பரிந்துரைச்ச அளவிலயும் நாலு மடங்குக்கு மேல. மார்ட்டினியைக் கலக்காமக் குலுக்கச் சொல்லுறது கை நடுங்கிறபடியாத்தான் இருக்கும் எண்டும் பகிடியா எழுதினவை. சிகரெற் நாளுக்கு 60. அதே பழக்கங்களோட இருந்த பிளெமிங் 1964இல, 56 வயசில, மாரடைப்பில செத்தார்.

கொப்பி அடிக்கிறதெண்டா நாவல்ல திறமான ஒரு பக்கம் இருக்குது, அதை ஆரும் அவ்வளவாச் சொல்லுறேல்ல. வேலையில்லாமல் சலிச்சுப் போன ஒரு காலமை ஆள் எழும்பி ஆறுதலா 20 தண்டால், பிறகு காலைத் தூக்கி இறக்கிறது, குனிஞ்சு விரலைத் தொடுறது, மூச்சு, பிறகு சுடுதண்ணியில குளிச்சு முடிவில பச்சைத் தண்ணி. அந்தக் குளிப்புக்கு இப்ப ஜேம்ஸ் பொண்ட் ஷவர் எண்டு பேரும் வைச்சிட்டினம். காசில்லாத பயிற்சி. மார்கழி விடியக்காலமை எங்கட கிணத்தடியில இதைச் செய்யப் போனா குழப்பம்தான், அந்த நேரம் கிணத்துத் தண்ணி இளஞ்சூட்டோட வரும், பச்சைத் தண்ணிக்கு எங்க போறது.

சரி, தமிழ். மிடுக்கு எண்டு கனபேர் சொல்லுவினம், நல்ல சொல், ஆனா அது உடம்பில நிக்கிறது, நிமிந்த நெஞ்சும் நடையும். பொலிஸ்காரனுக்கும் மிடுக்கு வரும், இனிமை வரோணும் எண்டில்ல. நயம் எண்டுறது கிட்ட வருது, ஆனா இஞ்ச சந்தையில "விலை நயம்" எண்டா மலிவு, நயமான ஆள் எண்டு சொன்னா மலிவான ஆள் எண்டு விளங்கினாலும் விளங்கும். எனக்குச் சரியெண்டு படுறது வள்ளுவர் கட்டி வைச்ச சோடிச் சொல், நயத்தக்க நாகரிகம்.

பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க
நாகரிகம் வேண்டு பவர்.

பழகின ஆள் கண் முன்னாலயே நஞ்சை ஊத்தித் தந்தாலும், முகத்தை முறிக்க மனமில்லாம வாங்கிக் குடிச்சுப்போட்டு அமைதியா இருப்பினமாம், விரும்பத்தக்க நாகரிகம் வேணும் எண்டு நினைக்கிறவை. குடிக்கிறதுதான் இதில முக்கியம் எண்டு ஆரும் தவறணைப் பக்கம் போகாதேங்கோ, அமைவர் எண்டுற சொல்லைப் பாருங்கோ, குடிச்சிட்டு அலட்டாம இருக்கிறது. நற்றிணை 355லயும் இதே கதை, முதலே பழகின நண்பர் குடுத்தா நஞ்சும் உண்பர் நனி நாகரிகர் எண்டு வருது. நாகரிகம் நகரத்தோட ஒட்டின சொல், நகரத்து ஆளின்ர பழக்கம். லத்தீன்காரரும் ஊர்ப்ஸ் எண்ட நகரச் சொல்லிலயிருந்து ஊர்பானுஸ் எண்டு இதே கருத்தில ஒரு சொல்லுப் பிறப்பிச்சு வைச்சிருக்கினம், அதிலயிருந்து இங்கிலிசுக்கு வந்த அர்பேன்தான் ஸ்வாவுக்கு அகராதியில பக்கத்தில நிக்கிறது.

இன்னொரு வடிவான விசயம் இருக்குது. அந்தக் குறள் 580, கண்ணோட்டம் எண்டுற 58ஆம் அதிகாரத்தின்ர கடைசிக் குறள். அடுத்த அதிகாரம் என்ன தெரியுமோ, ஒற்றாடல். முழுக்க உளவாளியளைப் பற்றி. அதில 585ஐ எடுங்கோ,

கடாஅ உருவொடு கண்ணஞ்சாது யாண்டும்
உகாஅமை வல்லதே ஒற்று.

கண்ட ஆள் சந்தேகப்பட்டுக் கேள்வி கேக்காத உருவம், பாத்தா பயப்படாத கண், என்ன செய்தாலும் வாயால சிந்தாத குணம். கசினோவில நாலு பேர் திரும்பிப் பாக்க உள்ளிட்டு, சொந்தப் பேரை ரெண்டுதரம் சொல்லுறவருக்கு வள்ளுவரிட்ட முதல் வரியிலயே வேலை போயிடும். சப்பெண்ட ஆள், மறந்து போற பேர் எண்டு பிளெமிங் முதல்ல நினைச்சது வள்ளுவரோட ஒத்துப் போகுது, படம்தான் கெடுத்தது. ஒற்றாடலுக்கு அடுத்தது ஊக்கமுடைமை, 60ஆம் அதிகாரம். நாகரிகம், உளவு, ஊக்கம், அந்த யூரியூப் வீடியோக்களின்ர வரிசையேதான்.

எழுத்தில நயத்தக்க நாகரிகம் எண்டு போடலாம், நீளமெண்டா நயநாகரிகம். வாயால சொல்லுறதுக்கு எங்களிட்ட முதலே சொல்லு இருக்குது, இங்கிதம். "இங்கிதம் தெரிஞ்ச மனுசன்" எண்டு அம்மம்மா சொன்னா அதுக்கு மேல சான்றிதழ் இல்ல. சமஸ்கிருதத்தில இங்கிதம் எண்டா குறிப்பு, சைகை, மனசுக்க இருக்கிறதைக் காட்டிக் குடுக்கிற சின்ன அசைவு, தமிழுக்கு வந்து அந்தக் குறிப்பைப் பிடிச்சு நடக்கிற பக்குவம் எண்டு ஆகிச்சுது. உளவாளிக்குத் தேவையான திறமையே அதுதானே. படிப்பிச்ச வாத்தியாரை வழியில கண்டா சைக்கிளால இறங்கி நிண்டு கதைக்கிறவர், பெரியாக்கள் படலைக்க வர மடிச்சுக் கட்டின சாரத்தைச் சத்தமில்லாம இறக்கி விடுறவர், எல்லா வீட்டிலயும் "போட்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டு செத்த வீட்டில மட்டும் ஒண்டும் சொல்லாம எழும்பிப் போறவர், உவையளுக்குத்தான் அந்தச் சொல். நல்லூரானிட்டப் போகேக்க ஆம்பிளையள் எல்லாரும் சேர்ட்டைக் கழட்டித்தான் உள்ள போகோணும், அங்க கோட்டும் இல்ல, மணிக்கூட்டை ஆரும் பாக்கிறதும் இல்ல, திருவிழா நெரிசலுக்க பின்னால நிக்கிற கிழவருக்கு முழங்கை படாம ஒதுங்கி வழி விடுறவரைப் பாத்து வைச்சுக்கொள்ளுங்கோ, ஸ்வாவ் எண்டா அந்த ஆள்.

ஸ்வாவுக்குச் சோடியா இங்கிலிசில வாற மற்றச் சொல் டெபோனேர் (debonair). அது பழைய பிரெஞ்சில நல்ல வம்சத்தில வந்த எண்டு மூண்டு சொல்லாக் கிடந்து ஒண்டா ஒட்டினது, பிறகுதான் கலகலப்பான, பழக நல்ல ஆள் எண்டு கருத்து மாறினது. வள்ளுவரிட்ட அதுக்கும் குடிமை எண்டு ஒரு முழு அதிகாரம் கிடக்குது, 96ஆவது. யாழ்ப்பாணத்தில அதை ஆரும் மெனக்கெட்டு மொழிபெயர்க்கத் தேவையில்ல, எங்கட கலியாணப் புரோக்கர்மார் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் திரியினம், "நல்ல குடும்பத்துப் பொடியன்" எண்டு, பொடியனை ஒருக்காலும் காணாமலே.