ஸ்டைபெண்ட்: சம்பளமாகாத பணத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

ஒருவர் கற்கும் காலத்திலோ பயிற்சி பெறும் காலத்திலோ தம் செலவுகளைச் சமாளித்துக்கொள்வதற்காகக் குறித்த இடைவெளியில் வழங்கப்படும் நிலையான தொகையே ஸ்டைபெண்ட். தமிழ்நாட்டில் பயிற்சி மருத்துவர்களும், ஐடிஐ முடித்துத் தொழிற்சாலைகளில் தொழில் பழகுநராகச் சேர்பவர்களும், முனைவர் பட்ட ஆய்வாளர்களும் இச்சொல்லை அன்றாடம் புழங்குகிறார்கள். மாதந்தோறும் கைக்குப் பணம் வருகிறது, வேலையும் செய்கிறோம், பிறகு ஏன் இதைச் சம்பளம் என்று சொல்லக்கூடாது என்ற கேள்வி அவர்களில் பலருக்கும் எழுந்திருக்கும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் அதற்கு நேரடியாகவே விடை சொல்கிறது: பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளர் அல்லர். இந்தியாவில் இந்த வேறுபாடு பெரும்பாலும் தொகையின் அளவையும் தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பையும் தொட்டு நிற்கிறது. அமெரிக்காவில் குடியேற்ற அனுமதி இல்லாத கல்லூரி மாணவர்களுக்கோ, ஓர் ஆய்வகத்திலோ அருங்காட்சியகத்திலோ சட்டமன்ற அலுவலகத்திலோ நேரடியாகப் பழகிக் கற்கும் வாய்ப்பு கிடைக்குமா கிடைக்காதா என்பதையே அது தீர்மானிக்கிறது. இச்சொல்லின் பொருள் எல்லை எங்கே முடிகிறது என்பதை அந்த மாணவர்களின் நிலையிலிருந்து பார்த்தால்தான் துலக்கமாகத் தெரியும்.

இவர்களை ஆவணமற்ற மாணவர்கள் என்று குறிப்பது வழக்கம். இந்த அடைமொழி சற்று விசித்திரமானதுதான். பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பல குடும்பங்களில் வருமான வரிக் கணக்கு என ஆவணங்கள் கட்டுக்கட்டாகவே இருக்கும், இல்லாதது அந்நாட்டில் தங்கவும் வேலை செய்யவும் உரிய அனுமதி ஒன்றுதான். பெரும்பாலோர் சிறுவயதில் பெற்றோரால் அழைத்து வரப்பட்டவர்கள். டெக்சாஸ் மாநிலத்திலிருந்து எழுந்த பிளைலர் எதிர் டோ வழக்கில் 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, அரசுப் பள்ளிகள் இவர்களைச் சேர்க்க மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழல் பள்ளி வாசலோடு முடிந்துவிடுகிறது. கல்லூரிக்கு வந்ததும், வசதி குறைந்த மாணவர்களுக்குக் கூட்டரசு தரும் பெல் உதவித்தொகை கிடையாது, படித்துக்கொண்டே வளாகத்தில் வேலை பார்க்கும் கூட்டரசின் திட்டத்திலும் இடம் கிடையாது. தேசிய அறிவியல் அறக்கட்டளை இளநிலை மாணவர்களுக்காக நடத்தும் கோடைகால ஆய்வுப் பயிற்சிக்கும் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும்.

சிறுவயதில் அழைத்து வரப்பட்டவர்களை நாடுகடத்துவதைத் தள்ளிவைக்கும், 2012இல் வந்த டாகா திட்டம் ஒரு தலைமுறைக்கு வேலை அனுமதியைக் கொடுத்தது. ஆனால் 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து அமெரிக்காவில் வசித்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்; இன்று கல்லூரியில் காலெடுத்து வைக்கும் பதினெட்டு வயது மாணவர்களில் பெரும்பாலோர் அந்த நாளில் பிறந்திருக்கவே மாட்டார்கள், அல்லது நாட்டுக்குள் வந்திருக்க மாட்டார்கள். போதாததற்கு, 2021 ஜூலையில் டெக்சாஸ் கூட்டரசு நீதிமன்றம் ஒன்று பிறப்பித்த ஆணைக்குப் பின் புதிய விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் தருவதும் நின்றுவிட்டது. இவர்கள் அனைவருக்கும் சம்பளத்துடன் கூடிய பயிற்சி வேலை என்பது மூடிய கதவு. சம்பளமற்ற பயிற்சியை ஏற்கலாமே என்பார்கள். வீட்டு வாடகையில் தம் பங்கைக் கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு அது வெறும் சொல்தான். இந்த இடைவெளியில்தான் ஸ்டைபெண்ட் என்ற சொல் வந்து நிற்கிறது.

கதவை மூடியது 1986 நவம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சீர்திருத்த, கட்டுப்பாட்டுச் சட்டம். வேலை அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே ஒருவரை வேலைக்கு அமர்த்தும் முதலாளியை அது தண்டிக்கிறது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும், வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவம் வாங்கும் வழக்கம் அதிலிருந்து பிறந்தது. அச்சட்டத்தின் விதிகள், ஊதியத்துக்காகவோ வேறு கைம்மாறுக்காகவோ ஒரு முதலாளிக்கு உழைப்பையோ சேவையையோ தருபவரே பணியாளர் என்று வரையறுக்கின்றன. கைம்மாறு என்பதில் உணவும் தங்குமிடமும்கூட அடங்கும் என்று அரசின் வழிகாட்டி விளக்குகிறது. ஆகவே கொடுக்கும் பணத்துக்கு ஸ்டைபெண்ட் என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் அது சம்பளம் இல்லாமல் போய்விடாது. உழைப்பு ஒரு கையால் போய் அதற்கு ஈடாகப் பணம் மறு கையால் வந்தால், பெயர் எதுவானாலும் அது வேலையே. பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதே கேள்வி. ஒரு சொல்லின் பொருளை இவ்வளவு கறாராக அளந்து பார்க்க வேண்டிய நிலை அகராதிக்காரர்களுக்கே அரிதாகத்தான் வாய்க்கும்.

இனி வேர். இலத்தீனில் ஸ்டிப்ஸ் என்றால் சிறு காசு, காணிக்கையாக இடும் சில்லறை. பெண்டெரே என்றால் நிறுத்தல், எடைபோட்டுக் கொடுத்தல். நாணயத்தை எண்ணாமல் உலோகத்தை நிறுத்துக் கொடுத்த காலத்தின் தடம் அது; நமக்குப் பழகிய பென்ஷன் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இரண்டும் சேர்ந்த ஸ்டிபெண்டியம் உரோமானியப் படைவீரனுக்குக் கொடுத்த ஊதியத்தைக் குறித்தது. கி.மு. 406 வாக்கில், வெயி நகருடனான போர் தொடங்கும் தறுவாயில், வீரர்களுக்குப் பொதுப் பணத்திலிருந்து ஊதியம் தரும் வழக்கம் ஏற்பட்டதாக உரோம வரலாற்று மரபு கூறும். பின்னர் அதே சொல் போரில் தோற்ற நாடுகள் செலுத்திய திறையையும் குறித்தது. ஆக, சம்பளம் அன்று என்று காட்டுவதற்காக இன்று நாம் எடுத்தாளும் சொல், பிறப்பால் அப்பட்டமான சம்பளம்.

அதன் குணத்தை மாற்றியதில் திருச்சபைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. இங்கிலாந்துத் திருச்சபையில் குருவுக்குத் தரப்படும் ஸ்டைபெண்ட், அவர் செய்யும் பூசைக்கோ மன்றாட்டுக்கோ விலையன்று. பிழைப்புக்கு வேறு வேலை தேடாமல் ஊழியத்தில் முழுமையாக ஈடுபட அவரை விடுவிக்கும் பணம் என்பதே அதற்குத் தரப்படும் விளக்கம். செய்த வேலைக்கு ஈடு என்பதிலிருந்து, செய்யவிருப்பதைக் கவலையின்றிச் செய்ய வழி என்பதற்குப் பொருள் நகர்ந்த இடம் இதுவே. கற்பவருக்குக் கொடுக்கும் ஸ்டைபெண்டும் இந்தப் பொருளில்தான் நிற்கிறது.

உடன்பிறப்பாக வரும் ஃபெலோஷிப் என்ற சொல்லையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் ஆவணமற்ற மாணவர்களுக்கான திட்டங்களில் இவ்விரண்டும் இணைந்தே வருகின்றன. பழைய நோர்சு மொழியில் ஃபே என்றால் மாடு, அதன் வழியே செல்வம்; லாக் என்றால் இடுதல். செல்வத்தைச் சேர்த்து வைத்துக் கூட்டாகத் தொழில் தொடங்கியவன் ஃபெலாகி, பங்காளி. மாடு என்பதற்குச் செல்வம் என்ற பொருள் தமிழிலும் உண்டு என்பதைக் குறள் படித்தவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கல்வியே கேடில்லாத விழுச்செல்வம், மற்றவை மாடல்ல என்று முடியும் 400ஆவது குறளில் அது கல்வியோடு சேர்ந்தே வருகிறது. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் உறுப்பினராக ஏற்கப்பட்ட அறிஞர் ஃபெலோ எனப்பட்டார். அவருக்குப் பணம் வருவது அந்த அவையில் ஓர் உறுப்பினர் என்ற தகுதியால். எனவே ஃபெலோஷிப் தகுதியையும் சேர்க்கையையும் குறிக்கிறது, ஸ்டைபெண்ட் அத்தகுதியோடு வரும் பணத்தைக் குறிக்கிறது. நம் நாளிதழ்கள் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகின்றன.

இந்த வேறுபாடு நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது? ஒரு கல்லூரி, ஆவணமற்ற மாணவி ஒருவரை ஆய்வகப் பயிற்சிக்கு அனுப்ப விரும்பினால், பணத்தைச் சம்பளப் பட்டியல் வழியாகக் கொடுக்காமல் நிதியுதவி அலுவலகம் வழியாகக் கொடுக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று கணக்கிடாமல் பருவத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வரையறுக்கிறது. என்ன கற்கப்போகிறார், யார் வழிகாட்டுகிறார், முடிவில் எதைப் படைப்பார் என்று ஒரு கற்றல் திட்டம் எழுதப்படுகிறது. பணியாளர் ஒருவர் செய்ய வேண்டிய வேலையை அவர் தலையில் கட்டக்கூடாது. பயிற்சியால் முதன்மையாகப் பயனடைவது மாணவரா நிறுவனமா என்ற கேள்வியை, சம்பளமற்ற பயிற்சி பற்றிய வேறொரு வழக்கில் 2015இல் நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அளவுகோலாக வைத்தது. அது கூலிச் சட்டம் பற்றிய தீர்ப்பே ஆனாலும், கற்பதற்கும் உழைப்பதற்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்று யோசிப்பவர்களுக்கு உதவும் அளவுகோல்தான்.

வரி மட்டும் இந்த நுணுக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. கல்விக் கட்டணத்துக்கும் பாடநூலுக்கும் போன பணத்துக்கு வரி இல்லை, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போன பணம் வரிக்குரிய வருமானம். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத மாணவர்கள், அதற்காகவே வழங்கப்படும், 9இல் தொடங்கும் ஒன்பது இலக்க வரி எண்ணைக் கொண்டு கணக்குத் தாக்கல் செய்கிறார்கள்.

கொடுப்பவர் யார் என்பதும் ஒரு சிக்கல். 1996இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம் ஒன்றின்படி, ஆவணமற்றவர்களுக்குத் தன் பணத்திலிருந்து இத்தகைய உதவி தர விரும்பும் மாநிலம் அதற்கென்றே புதிதாகச் சட்டம் இயற்றியாக வேண்டும். கலிஃபோர்னியா 2001இல் ஏபி 540 என்ற சட்டத்தின் மூலம், மாநிலத்தவருக்கான குறைந்த கல்லூரிக் கட்டணத்தையும், 2011இல் நிறைவேறிய இரு சட்டங்களின் மூலம் முதலில் தனியார் நிதியிலிருந்து அரசுக் கல்லூரிகள் தரும் உதவிகளையும் பிறகு மாநில நிதியுதவியையும் இவர்களுக்குத் திறந்துவிட்டது. 2022இல் அம்மாநிலம் தொடங்கிய காலேஜ் கோர் திட்டத்தில், ஒரு கல்வியாண்டில் 450 மணி நேரம் பள்ளிகளிலும் உணவு வங்கிகளிலும் பருவநிலை சார்ந்த பணிகளிலும் சேவைப் பயிற்சி பெறும் மாணவர் 10,000 டாலர் வரை பெறலாம். ஏபி 540 தகுதி உள்ள ஆவணமற்ற மாணவர்களும் இதில் சேரலாம். அதே 2022இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் வேறொரு வாதத்தோடு வந்தார்கள்: 1986ஆம் ஆண்டின் சட்டம் மாநில அரசையே முதலாளியாகக் குறிப்பிட்டுக் கட்டுப்படுத்தவில்லை, ஆகவே மாநிலப் பல்கலைக்கழகம் எங்களை நேரடியாக வேலைக்கே எடுக்கலாம் என்பது லாஸ் ஏஞ்சலிஸ் வளாகச் சட்ட அறிஞர்கள் வகுத்த அந்த வாதம். பல்கலைக்கழக ஆட்சிக்குழு 2024 ஜனவரியில் அதை ஓராண்டுக்குத் தள்ளிப்போட்டது; அதே நோக்கத்துடன் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் செப்டம்பரில் நிராகரித்தார். சம்பளம் என்ற சொல்லையே உரிமையாகக் கேட்டவர்களுக்கு அது கிடைக்காதபோது, ஸ்டைபெண்டும் ஃபெலோஷிப்பும் மீண்டும் ஒரே வழியாயின. இதை நான் அவ்வளவு மகிழ்ச்சியான ஏற்பாடாகக் கருதவில்லை. ஆனால் இருக்கும் ஏற்பாடு இதுதான்.

இப்பின்னணியில் தமிழ்ச் சொல்லைத் தேடினால், கைக்கு முதலில் வருபவை பல தகுதியிழந்து போகின்றன. சம்பளமும் கூலியும் வெளிப்படையாகவே விலக வேண்டியவை. ஊதியம் என்பது பழந்தமிழில் இலாபம், ஆதாயம் என்ற பொருளில் வழங்கியது என்றாலும், இன்று அது சம்பளத்தின் மதிப்பான பெயர். படி என்ற சொல் ஒரு வகையில் வியப்பூட்டும் பொருத்தம் உடையது. உரோமர் உலோகத்தை நிறுத்துக் கொடுத்ததுபோல நம் முன்னோர் தானியத்தைப் படியால் அளந்து கொடுத்தார்கள், படியளத்தல் என்ற வழக்கு இன்றும் உண்டு. ஆனால் பஞ்சப்படி, பயணப்படி என்று அது அரசு ஊழியரின் சம்பளச் சீட்டுக்குள் குடியேறிவிட்டது. படியளப்பவர் என்றால் எசமானர் என்ற தொனியும் போகவில்லை.

செய்தித்தாள்கள் மிகுதியாக எழுதும் ஊக்கத்தொகை, பதக்கம் வென்ற வீரருக்குத் தரும் பரிசுப் பணத்தையும் நெல்லுக்குக் கூடுதலாகத் தரும் தொகையையும் குறிக்கிறது. செய்து முடித்ததற்குத் தரும் பலன் என்ற பொருள் அதில் கலந்திருப்பதால் நமக்கு வேண்டாத திசைக்கே அது இழுக்கிறது. உதவித்தொகை தவறில்லை, ஆனால் முதியோர் உதவித்தொகை முதல் கல்வி உதவித்தொகை வரை எல்லாவற்றையும் சுமந்து அது களைத்துப்போன சொல். இலங்கைத் தமிழில் உள்ள புலமைப்பரிசில் அழகானது. ஐந்தாம் தரப் பரீட்சையின் வழியாகவும் பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொலத் திட்டத்தின் வழியாகவும் அங்கே சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்த சொல் அது. புலவரும் பாணரும் பெற்ற பரிசிலின் நினைவும் அதில் உண்டு. எனினும் அது ஸ்காலர்ஷிப்புக்கு உறுதிப்பட்டுவிட்டது. அதை இங்கே இழுத்தால் இரண்டும் குழம்பும். தமிழ்நாடு அரசு 2022இல் முதலமைச்சரின் ஃபெலோஷிப் திட்டத்துக்குப் புத்தாய்வுத் திட்டம் என்று பெயரிட்டது. பெயர் நன்று, ஆயினும் ஆய்வல்லாத பயிற்சிகளுக்கு அது பொருந்தாது.

எஞ்சுவது நல்கை. பல்கலைக்கழக நல்கைக் குழு என்ற பெயரால் நமக்கு ஏற்கெனவே பழகிய சொல். வானம் நல்காவிட்டால் நெடுங்கடலும் தன் தன்மை குன்றும் என்னும் 17ஆவது குறளில், மேகம் கைம்மாறு எதிர்பாராமல் கொடுப்பதை நல்குதல் என்கிறார் வள்ளுவர். அமெரிக்கச் சட்டம் ஸ்டைபெண்டில் எது இருக்கக்கூடாது என்கிறதோ, அந்தக் கைம்மாறு நல்கையின் பொருளுக்குள் இல்லவே இல்லை. குறித்த இடைவெளியில் வருவது என்ற கூறு மட்டும் அதில் குறைகிறது. அதைப் பயிற்சி நல்கை, மாத நல்கை, பருவ நல்கை என்று முன்னடை கொடுத்து ஈடுசெய்துகொள்ளலாம். ஃபெலோஷிப் என்பதற்கு நல்கைத் தகைமை என்றும், அதைப் பெறுபவருக்கு நல்கையர் என்றும் எழுதிப் பார்க்கலாம். பின்னது காதுக்குப் பழகச் சில காலம் ஆகும். தொழில் பழகுநருக்கும் பயிற்சி மருத்துவருக்கும் பயிற்சி நல்கை தயக்கமின்றிப் பொருந்தும். காலேஜ் கோர் திட்டத்தின் 10,000 டாலரில், ஆண்டு முழுதும் பிரித்துத் தரப்படும் 7,000 டாலர் வாழ்க்கைச் செலவுக்கான பயிற்சி நல்கை என்றும், சேவை முடித்தபின் தரப்படும் 3,000 டாலர் கல்விப் பரிசில் என்றும் எழுதினால், எது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பது வாசிப்பவருக்குத் தனி விளக்கமின்றியே விளங்கும்.