ஆவணப்படம்: மூல ஓலை தேடும் ஒரு சொல்

சுந்தரரின் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் வந்து நின்று, இவன் எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறது அவை. வழிவழி வந்த வழக்கம், எழுத்துச் சான்று, பிறர் சாட்சி என்று பொருள். கிழிபட்டது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர்.

'டாக்குமென்டரி'க்கு 'ஆவணப்படம்' பொருந்துமா என்று யாராவது கேட்டால், பெரியபுராணத்தின் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஆவணம் என்பது வெறும் தாள் அன்று. அவையில் செல்லுபடியாகும் சான்று. உரிமை ஓலைகளைப் பதிவு செய்த இடத்தைக் கல்வெட்டுகள் ஆவணக்களரி என்கின்றன. கடைத்தெரு என்ற பழம்பொருளும் இந்தச் சொல்லுக்கு உண்டு. அது இங்கே நமக்கு வேண்டாம்.

ஐரோப்பியச் சொல்லின் வேர் 'டொகேரே' என்ற லத்தீன் வினை: கற்பித்தல். அதிலிருந்து வந்த 'டொகுமெந்தும்' முதலில் பாடத்தையும் சான்றையும் குறித்தது. எழுத்துப் பத்திரம் என்ற பொருள் பின்னால் ஏறியது. 1926இல் அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் 'மோனா' படத்துக்கு மதிப்புரை எழுதிய ஜான் கிரியர்சன், அதற்கு 'டாக்குமென்டரி மதிப்பு' உண்டு என்றார். சொல் திரைக்கு வந்து நிலைத்தது அந்த வழியில்தான். ஆனால் அதே ஃபிளாஹர்ட்டி, 1922இல் வெளியான 'நானூக்' படத்தில், துப்பாக்கி பழகிய, வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களை ஈட்டியோடு வேட்டையாட வைத்தார். உள்ளே வெளிச்சம் வேண்டும் என்று பனிவீட்டின் ஒரு பக்கத்தைத் திறந்தும் வைத்தார். திருவெண்ணெய்நல்லூர் அவை அதை ஏற்றிருக்காது.

'விவரணப்படம்' என்ற சொல்லும் தமிழில் வழங்குகிறது. விவரிப்பது யாராலும் முடியும், கற்பனைக் கதையும் விவரிக்கும். சான்றுக்குக் கட்டுப்பட்டது என்பதை 'ஆவணப்படம்'தான் சொல்கிறது. எனக்கு அதில் ஐயமே இல்லை.

இணையக் காலத்தில் இந்தச் சொல்லுக்கு வலிமை கூடியிருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் தயாராகி, பி.பி.எஸ். என்ற தொலைக்காட்சி அமைப்பின் வழியே 1983 முதல் ஒளிபரப்பாகும் 'ஃபிரண்ட்லைன்' ஆவணப்பட நிகழ்ச்சியைப் பாருங்கள். (சென்னையிலிருந்து வரும் அதே பெயருள்ள இதழ் வேறு.) பி.பி.எஸ். பொதுத் தொலைக்காட்சி, அதை அரசுத் தொலைக்காட்சி என்று மொழிபெயர்ப்பது பிழை. நேயர் நன்கொடையும் அறக்கட்டளை நிதியும் அதைத் தாங்குகின்றன. ஓரளவு வந்துகொண்டிருந்த கூட்டரசுப் பணத்தையும் 2025இல் அமெரிக்க நாடாளுமன்றம் ரத்து செய்துவிட்டது.

ஒரு மணி நேரப் படத்துக்காகப் பல மணி நேரம் நேர்காணல் எடுப்பார்கள். நேயருக்குக் கிடைப்பது சில வரிகள். மிச்சம் அலமாரிக்குப் போகும். பேசியவர் "நான் சொன்னதை வெட்டித் திரித்துவிட்டார்கள்" என்றால் சரிபார்க்க வழி இருக்காது. 2017இல் புதின் பற்றிய படத்தோடு, அதற்காக எடுத்த 50க்கும் மேற்பட்ட நேர்காணல்களை ஃபிரண்ட்லைன் முழுமையாக இணையத்தில் வெளியிட்டது. எழுத்து வடிவத்தில் ஒரு வரியைத் தொட்டால், அந்த இடத்திலிருந்து காணொளி ஓடும். யூடியூபில் முழுப் படத்தையும் இலவசமாகப் போடுவது அதிகம் பேரிடம் சேர்வதற்கான வழி. முழு நேர்காணலையும் வெளியிடுவதோ இதழியலின் நாணயம் பற்றியது. படம் படியோலை என்றால், வெட்டாத நேர்காணல் மூல ஓலை.

பெரிய செய்தி நிறுவனங்கள் எல்லாமே இதைச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். சாட்சியின் உயிருக்கு ஆபத்து வரும் இடங்கள் மட்டும் விதிவிலக்கு.

அப்படி வெளியிடும் முழு நேர்காணலுக்குத் தமிழில் இன்னும் நிலைத்த பெயர் இல்லை. 'மூலப்பதிவு' என்று வழங்கலாம். படத்துக்கு 'ஆவணப்படம்', அந்தத் துறைக்கு 'ஆவணப்பட இதழியல்'.