அமாவாசையும் ஆபீஸும் பாஸ் மீனும்

இங்கிலாந்தின் தென்மேற்கே, பிளிமத் நகரில் டிசம்பர் மாதம் சூரியன் 4.15 வாக்கிலேயே மறைந்துவிடும். 5 மணிக்கு ஆபீஸ் முடிந்து தூண்டிலோடு கிளம்புகிறவருக்கு அந்த இருட்டு லாபம்தான். பாஸ் மீன் (சாயலில் நம் கொடுவா, குடும்பம் வேறு) கரையோரத்து ஆழமில்லாத நீருக்கு இருட்டில் அதிகம் துணிந்து வரும். ஆனால் கடல் ஏறுகிற நேரமும் அவருக்கு ஒத்துவர வேண்டுமே!

பூமி ஒரு சுற்றை முடிப்பதற்குள் நிலா தன் பாதையில் கொஞ்சம் முன்னே போயிருக்கும். அதை எட்டிப்பிடிக்க இன்னும் 50 நிமிடம் ஆகிறது. உயர் ஓதமும் (கடல் ஏறி உச்சம் தொடும் நேரம்) தினமும் சராசரியாக அவ்வளவு தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுப்பதால் பிளிமத்தில் நீர் சுமார் 4.7 மீட்டர் ஏறி இறங்கும். அஷ்டமி வாக்கில் 2.2 மீட்டர்தான்.

சுவாரசியமே இனிமேல்தான். ஒரு ஊரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இந்தப் பெரிய ஓதம் எப்போதும் ஏறத்தாழ ஒரே மணிக்குத்தான் உச்சம் தொடும். அமாவாசை நிலா நண்பகலில் உச்சிக்கு வரும், பௌர்ணமி நிலா நள்ளிரவில். அதற்கு எத்தனை மணி நேரம் கழித்துக் கடல் உயரும் என்பதைக் கரையின் வடிவமும் கடலின் ஆழமும் தீர்மானிக்கின்றன. பிளிமத்தில் அது காலை, மாலை 6 மணியை ஒட்டி. இங்கிலாந்தின் தென்கிழக்கே உள்ள டோவரில் நண்பகல், நள்ளிரவை ஒட்டி. டோவர்க்காரர் பாவம், வேலை நாளில் தூக்கத்தைத்தான் விட வேண்டும்.

சரி, பிளிமத்தில் திங்கள் மாலை 6 மணிக்கு உச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் விட்டுப் போய்ச் சேர்வதற்குள் நீர் இறங்கத் தொடங்கியிருக்கும். பெரிய ஓத நாட்களில் தாமதம் 40 நிமிடம் போலத்தான். ஆக வியாழக்கிழமை உச்சம் 8 மணிக்கு. 6 மணிக்குக் கரையில் நின்றால் ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரம் முழுசாகக் கிடைக்கும்.

தென்மேற்குக் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது. அலை மணலைக் கிளறிப் புழுக்களையும் சின்ன நண்டுகளையும் வெளியே தள்ளியிருக்கும். மீன் அவற்றைத் தேடி நுரைக்குள், முழங்கால் ஆழம் வரைகூட வரும். பலம் கொண்ட மட்டும் தூர வீசுகிறவர் மீனைத் தாண்டித்தான் வீசுகிறார்.

சனிக்கிழமையை மட்டும் நம்புகிறவருக்கு ஒரு கணக்கு: அமாவாசைக்கும் அரைநிலாவுக்கும் இடையே சுமார் 7.4 நாள். இந்தச் சனி பெரிய ஓதம் என்றால் அடுத்த சனி கடல் மந்தமாகத்தான் இருக்கும். பிப்ரவரி வந்தால் வளர்ந்த மீன்களில் பல இனப்பெருக்கத்துக்கு ஆழ்கடல் பக்கம் போய்விடும். அந்த மாதமும் மார்ச்சிலும் சிக்கியதைத் திரும்ப விட வேண்டும் என்பது சட்டம்.