எல்லாருக்கும் எண்ணெய் வேணும், உங்க எண்ணெய் யாருக்கு வேணும்?

சிறு தொழில் ஆரம்பிக்கிறவர்கள் ஆலோசனைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது, யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதைத்தான். ஈரோடு, காங்கேயம் பக்கம் மரச்செக்கு போட்டவர்களிடம் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சமைக்காத வீடு ஏதுங்க, எல்லாத்துக்குந்தானுங்க." சரி. ஆனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் நோட்டீஸ் கொடுப்பது, அரை லிட்டர் பாட்டில் வாங்கி வைப்பதா அஞ்சு லிட்டர் டின்னா, கடையைக் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பது என்று எதையுமே முடிவு செய்ய முடியாது.

கணக்கைப் பார்த்தாலே பாதி தெளிந்துவிடும். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் இறங்க சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு, ஆள் கூலி, கரண்ட், பாட்டில் எல்லாம் சேர்த்தால் மளிகைக் கடையில் கிடைக்கும் ரீஃபைண்ட் பாக்கெட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை வைத்தால்தான் கட்டுப்படியாகும். மாசம் அஞ்சு லிட்டர் செலவாகிற வீட்டுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆக, பாதி ஊரை விலையே கழித்துவிடுகிறது. கழிந்து போனவர்களைப் பிடிக்க விலையை இறக்கினவர்கள் கடைசியில் கலப்படத்துக்குப் போகிறார்கள், இல்லையென்றால் செக்கை விற்கிறார்கள்.

அப்ப வசதியானவர்களுக்குன்னு வச்சுக்கலாமா என்பார்கள். அதுவும் போதாது. வசதியான வீட்டில் எண்ணெய்க் கணக்கு சமையல்கார அக்காவிடம் இருக்கும், அவருக்கு வேண்டியது வடை போடும்போது பொங்காத எண்ணெய். காசு கொடுப்பவர் ஒருவர், முடிவு செய்பவர் ஒருவர், அடுப்பில் ஊற்றுபவர் இன்னொருவர். இந்த மூன்று பேரில் நீங்கள் யாரிடம் பேசப் போகிறீர்கள் என்று தெரியாமல் விளம்பரம் எழுதினால் அது யாரிடமும் பேசாது.

செக்குக் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லாப் பக்கம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அறுபது வயசுக்காரம்மா ஒருவர் வருவார், மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார், விலையைக்கூட கேட்காமல் இரண்டு லிட்டர் வாங்கிப் போவார். கொஞ்ச நேரம் கழித்து இளம் பெண் ஒருவர் போன வாரம் வாங்கின பாட்டிலோடு வருவார்: "அடியில கசடு நிக்குதுங்க, சட்டியில ஊத்துனா நுரையா பொங்குது, கலப்படமா?" பொருள் ஒன்றுதான். சுத்திகரிக்காத எண்ணெய் என்றால் கொஞ்சம் பொங்கத்தான் செய்யும், வண்டலும் தங்கும். இது அந்த அம்மாவுக்குத் தெரியும், ஏனென்றால் அவர் இதில் சமைத்துப் பழகியவர், அவருக்கு அந்த வாசமே போதும். இந்தப் பெண் ரீஃபைண்ட் எண்ணெயில் வளர்ந்தவர், விற்பதற்கு முன்பே சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பார், விற்ற பிறகு சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். பாட்டிலில் ஒரு வரி அச்சடித்திருந்தால் போதும்.

வயசு, வருமானம் என்று பிரிப்பதைவிட, எந்தச் சமயத்தில் வாங்குகிறார்கள் என்று பிரிப்பது எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது. கைக்குழந்தை இருக்கிற வீடு குழந்தைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய் தேடும், அங்கே விலை பேச்சே வராது. தீபாவளிக்கு ஆர்டர் எடுத்து வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் போடுகிறவர்கள் இன்னொரு கூட்டம், இவர்கள் கையைக் கடிக்கிற விலை என்றால் வரமாட்டார்கள், ஆனால் "செக்கு எண்ணெய் பலகாரம்" என்று சொல்லிக் கூடுதலாக விற்க முடிகிறவர்கள் வருவார்கள். விளக்குக்கு நல்லெண்ணெய் வாங்குகிறவர் ருசி பார்ப்பதில்லை. ஒரே கடையில் வாங்கினாலும் இவர்கள் தனித்தனிச் சந்தை.

இங்கே ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்காரர்கள், இதய நோயாளிகள் என்று குறி வைத்து, "இந்த எண்ணெய் சுகரைக் குறைக்கும்" என்று போஸ்டர் அடிக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. செய்யாதீர்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று லேபிளிலோ விளம்பரத்திலோ போடுவதை உணவுப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. சமையல் எண்ணெயைப் பாக்கெட்டும் லேபிளும் இல்லாமல் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதற்கும் தடை இருக்கிறது, பல பேர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆள் யார் என்று தெரிந்தபின் அவரிடம் எப்படிப் போய்ச் சேர்வது? இதற்கு நம்ம ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயில் தொடங்கிய சிக் ஷாம்பு, பாட்டில் வாங்கும் நகரத்து வீடுகளை விட்டுவிட்டு, அதுவரை ஷாம்பு அதிகம் வாங்கிப் பழகாத கிராமங்களைப் பிடித்தது. அங்கே விளம்பரம் மட்டும் போதாது என்று ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பையன்களுக்குத் தலை அலசிவிட்டுக் காட்டினார்கள், தாய்மார் தொட்டும் மோந்தும் பார்த்தார்கள். அப்புறம் காலி சாஷே (ஒரு தடவைக்கான சின்னப் பாக்கெட்) அஞ்சு கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள், எந்தக் கம்பெனி சாஷேயாக இருந்தாலும் சரி. யோசித்துப் பாருங்கள், காலி சாஷே வைத்திருப்பவர் ஏற்கெனவே ஷாம்பு போடுகிறவர். சர்வே எதுவும் எடுக்காமலே ஆள் தானாக வந்து நிற்கிறார். பழகின பிறகு, சிக் சாஷேக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றிவிட்டார்கள்.

இன்று நம்மவர்கள் முதலில் தட்டுவது இன்ஸ்டாகிராமில் காசு கட்டிப் பதிவை நிறைய பேருக்குக் காட்டும் பூஸ்ட் பட்டனை. தமிழ்நாடு முழுக்க என்று போட்டுவிட்டு, லைக் வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து ஒருவர் ஒரு லிட்டர் கேட்டால் கூரியர் கட்டணம், ஒழுகாமல் இருக்கச் சுற்றும் கட்டு, உடைந்தால் மறுபடி அனுப்பும் செலவு என்று லாபம் முழுக்க அதிலேயே போய்விடும். உங்கள் வண்டி போய்த் திரும்புகிற தூரம்தான் ஆரம்பத்தில் உங்கள் சந்தை. விளம்பரத்தையும் கடையைச் சுற்றி அந்தக் கிலோமீட்டருக்குள் வட்டம் போட்டு வையுங்கள், செலவு கட்டுக்குள் நிற்கும்.

வாட்ஸ்அப்பில் இன்னொரு விஷயம். ஒரே செய்தியைப் பல பேருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினால், உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். ஐநூறு நம்பர் சேர்த்து வைத்தும் பதிலே வரவில்லை என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். பில் போடும்போதே, "நம்பரைப் பேரோட சேவ் பண்ணிக்கங்க, புதுசா எண்ணெய் ஆட்டினதும் சொல்றோம்" என்று கேட்டு வாங்குவது அதிகம் பலிக்கும்.

புண்ணாக்கை மறந்துவிடாதீர்கள். இரண்டரை கிலோ பருப்பில் பாதிக்கும் மேல் புண்ணாக்காகத்தான் வெளியே வருகிறது. அதை வாங்குவது மாடு வைத்திருப்பவர்கள், அவர்களுக்கு இன்ஸ்டாகிராம் வேண்டாம், பால் சொசைட்டியில் காலையில் ஒரு பலகை வைத்தால் போதும். அந்தக் காசு ஒழுங்காக வந்தால் எண்ணெய் விலையில் உங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும்.

இப்போதைக்கு ஒரு நோட்டு போடுங்கள், பில் போடும்போது "எதுக்குங்க வாங்கறீங்க?" என்று கேட்டு அந்தப் பதிலை எழுதி வையுங்கள். ஊறுகாய்க்கு என்று சொன்னவர்களின் நம்பர் தனியாக இருந்தால், சித்திரையில் மாங்காய் சந்தைக்கு வருவதற்குப் பத்து நாள் முன்னாடி அவர்களை மட்டும் கூப்பிட்டு, எத்தனை லிட்டர் நல்லெண்ணெய் வேண்டும் என்று கேட்டுவிட்டு அதற்குத் தக்க எள்ளு வாங்கலாம்.