பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள்

போன ஆவணியில் ஆத்தங்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் எங்கள் காரைக்குடிப் பட்டறைக்கு ஒரு பிக்கப் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். பூக்கல், அதாவது ஆத்தங்குடித் தரைக்கல், ஏற்றிப் போவதற்காக வாங்கிய வண்டி. வாங்கி 9 நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் இருந்த நகையை அடகு வைத்து முன்பணம் கொடுத்திருந்தார்.

அவர் வண்டியைப் பார்க்கப் போனது சாயங்காலம் 4 மணிக்கு. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. புகை இல்லை, சத்தம் இல்லை, ஓட்டிப் பார்த்ததில் இழுவையும் பரவாயில்லை. மறுநாள் காலை வீட்டு வாசலில் செல்ப் அடித்து அடித்துப் பேட்டரி இறங்கிவிட்டது. நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் ஆனபோது தெரு முழுக்க வெள்ளைப் புகை. ஒரு வாரம் தள்ளியே ஓட்டியிருக்கிறார். நாங்கள் கழற்றிப் பார்த்தபோது 4 சிலிண்டரில் 2 சிலிண்டருக்கு ரிங் (பிஸ்டனைச் சுற்றிக் காற்றைக் கசியவிடாமல் பிடிக்கும் வளையம்) தேய்ந்து போயிருந்தது, லைனரில் (பிஸ்டன் ஏறி இறங்கும் உள்சுவரில்) நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குக் கோடு. அதே வண்டியை அவர் காலை 6 மணிக்குப் போய்ப் பார்த்திருந்தால் அந்த நகை வீட்டிலேயே இருந்திருக்கும். இதை எழுத உட்கார்ந்ததற்கு அவர்தான் காரணம்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை 16 முதல் 22 மடங்கு வரை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது, அதில் தெளிக்கும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ரிங் தேய்ந்தால் காற்று கீழே கசியும், சூடு ஏறாது, டீசல் பற்றாது. ஆனால் இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால் இரும்பு விரிந்து இடைவெளி குறைந்திருக்கும், சுவர்களும் கொதித்திருக்கும். தேய்ந்த இன்ஜின்கூட அப்போது முதல் செல்ப்பிலேயே எடுத்துவிடும். விற்பவர் நீங்கள் வருவதற்கு அரை மணி முன்னால் ஒரு சுற்றுப் போய் வந்து நிறுத்தினால் போதும், பாதிக் குறை மறைந்துவிடும்.

அதனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, காலையில் வருகிறேன், நான் வரும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்." போனதும் பானட்டைத் திறந்து ரேடியேட்டரையும் இன்ஜின் பிளாக்கையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு நாளை வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். சங்கடப்பட வேண்டாம். லட்சக்கணக்கில் கொடுக்கப் போவது நீங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும்தான் திறக்க வேண்டும். சூட்டில் திறந்து முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பச்சையோ சிவப்போ நிறமுள்ள கூலண்ட் இருந்தால் நல்லது. துருப்பிடித்த செம்மண் நிறத் தண்ணீர் இருந்தால் வெறும் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் ஊருணித் தண்ணீரில் பருப்பு வேகும், போர் தண்ணீரில் வேகாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த உப்புதான் ரேடியேட்டர் குழாய்களிலும் ஹெட்டின் தண்ணீர்ப் பாதையிலும் சுண்ணாம்பாகப் படிகிறது. பானையில் படிந்தால் சுரண்டலாம். இன்ஜினுக்குள் படிந்தால் சூடு ஏறி, ஹெட் கேஸ்கட் போய், கடைசியில் ஹெட்டே வளையும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் திரண்டது மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக இருந்தாலும், தண்ணீரும் ஆயிலும் எங்கோ கலக்கின்றன. ஆயில் மூடியில் லேசான வெண்மை மட்டும் என்றால் மழைக்காலத்து ஈரமாகவும் இருக்கலாம். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிப் ஸ்டிக் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி: "ஆயில் கறுப்பாக இருக்கிறதே?" டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அது புகைக்கரி. கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் குடிக்கிறது அல்லது கசிகிறது. மேல் கோட்டைத் தாண்டி நின்றால் அதைவிடக் கவலை, டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்கியிருக்கலாம். முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை வந்தால் தெரிந்துவிடும். விரலில் தேய்த்தால் தேன் மாதிரி கெட்டியாக ஒட்டுகிறது என்றால், சத்தத்தையும் புகையையும் அடக்குவதற்குக் கனமான ஆயிலோ வேறு திரவமோ ஊற்றியிருக்க வாய்ப்பு உண்டு.

அப்புறம் ஏர் ஃபில்டர். நம் பக்கத்துச் செம்மண் புழுதி எவ்வளவு பொடியானது என்பது இங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஃபில்டர் அழுக்காக இருப்பது பெரிய குற்றம் இல்லை, அதன் வேலையே அதுதான். ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் குழாயின் உள்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் அந்த இன்ஜின் புழுதியைச் சுவாசித்து ஓடியிருக்கிறது. லைனரும் ரிங்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகியிருக்கும். நான் எனக்காக வண்டி பார்த்தால் இந்த ஒரு அடையாளத்துக்கே திரும்பி வந்துவிடுவேன்.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். நம் ஊரில் மார்கழியிலும் உறையும் குளிர் கிடையாது. "பனிக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்று விற்பவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு மீட்டரில் அணைந்ததும் 2, 3 விநாடி செல்ப்பில் நல்ல டீசல் எடுத்துவிட வேண்டும். 2005இல் வந்த முதல் டாடா ஏஸ் மாதிரி 2 சிலிண்டர், 702 சிசி இன்ஜின்களில் டீசல் முதலில் சிலிண்டரை ஒட்டிய சின்ன முன்னறையில் பற்றுகிறது, அவற்றுக்கு ஹீட்டர் பிளக் உதவி கூடுதலாகத் தேவை. அங்கே ஸ்டார்ட்டிங் தகராறு என்றால் முதலில் ஹீட்டரைச் சோதியுங்கள், சின்னச் செலவோடு போகும். நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் பொலீரோ பிக்கப், தோஸ்த் போன்ற வண்டிகள் நம் வெயிலில் ஹீட்டர் இல்லாமலும் பெரும்பாலும் எடுத்துவிடும். அவை இழுத்தடித்தால் கம்ப்ரஷன், நாசில், டீசல் லைனில் காற்று என்று தேட வேண்டும்.

ஆட்டத்தையும் இன்ஜினின் பிறவியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2 சிலிண்டர் வண்டி குலுங்குவது இயல்பு. 3 சிலிண்டரும் கொஞ்சம் ஆடும். 4 சிலிண்டர் வண்டி அப்படி ஆடினால் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்.

புகையை ஒருவர் ரேஸ் கொடுக்க, நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். முதல் சில விநாடி வெள்ளையாக வருவது இயல்பு. நிற்காமல் வந்து, கண் எரிந்து, டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல். வாடை இல்லாத ஆவியாக, சூடேறிய பிறகும் வந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. நீலம் கலந்து வந்தால் ஆயில்: ரிங், வால்வு, டர்போ மூன்றில் ஒன்று. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு, பெரும்பாலும் இன்ஜினைப் பிரிக்காமலே சரியாகும்.

கறுப்புப் புகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதுவயல் அரிசி ஆலை ஒன்றுக்கு ஓடிய வண்டி, இழுவை சுத்தமாக இல்லை, கன்னங்கரேலென்று புகை. வேறொரு இடத்தில் "இன்ஜின் வேலை, லட்சம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது ஏர் ஃபில்டர் முழுக்கத் தவிட்டுத் தூசி, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரல் நீளக் கிழிசல். ஹோஸும் ஃபில்டரும் மாற்றினோம், வண்டி இன்றும் ஓடுகிறது. ஒரே ஒரு அறிகுறியை வைத்து இன்ஜினுக்குச் சாவு ஓலை எழுதுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி, திருகாமல் அதே ஓட்டையின் மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை, டர்போ வண்டியில் கொஞ்சம் மூச்சு இருக்கத்தான் செய்யும். மூடி குதித்து விழுந்தாலோ, சைலன்சர் மாதிரி அங்கிருந்து புகை தள்ளினாலோ அதுதான் பட்டறையில் நாங்கள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது. சிலிண்டரில் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே வருகிறது. சில இன்ஜினில் மூடியைத் திறந்தாலே ஆயில் தெறிக்கும். அதில் டிப் ஸ்டிக்கை உருவி அந்த ஓட்டையில் புகை வருகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியையும் திறந்தே வைத்திருந்தால், இன்ஜின் சூடாவதற்கு முன்பே தண்ணீரில் குமிழி வரிசையாக வருகிறதா என்று பார்க்கலாம். விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட். பார்த்ததும் தண்ணீர் சூடேறும் முன்பே மூடிவிடுங்கள்.

இதெல்லாம் தேறினால் ஓட்டிப் பாருங்கள், முடிந்தால் சுமையோடு. வெறும் வண்டியில் எந்த இன்ஜினும் நன்றாகத்தான் இழுக்கும். திருப்பத்தூர் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தாமல் ஐடிலில் விட்டு மீட்டரைப் பாருங்கள். ஆயில் விளக்கு மினுக்கினால் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ஆயில் பம்ப் வலுவிழந்திருக்கலாம். இது ஆறிய இன்ஜினில் தெரியாது, சூட்டில் ஆயில் இளகினால்தான் தெரியும். பிறகு நிறுத்தி, 5 நிமிடம் விட்டு மறுபடி எடுங்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வண்டி) காலையில் உடனே எடுத்து, சூட்டில் மட்டும் இழுத்தடித்தால் இன்ஜெக்டரிலோ பம்பிலோ உட்கசிவு. சூட்டில் டீசல் நீர்த்து, ரெயிலில் அழுத்தம் ஏறுவதில்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலின் அளவை (ரிட்டர்ன்) எடுத்துப் பார்த்தால் எந்த இன்ஜெக்டர் என்று தெரிந்துவிடும், ஸ்கேனரில் அழுத்தத்தையும் படிக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பம்ப் வண்டிகளில் ஓடும் இன்ஜினில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்போம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் ஏறும். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் ஊசி குத்திய அளவுதான் காயம் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லை என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் சைலன்சரில் புகைக்கரி வடிகட்டி இருக்கும். கடைவீதிக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டமாக ஓடிய வண்டியில் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் சூட்டை எட்டுவதில்லை. அடைத்துக்கொள்ளும், அந்தக் கரியை எரிக்கப் போட்ட டீசல் ஆயிலில் இறங்கும். சாவியைப் போட்டதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரு முறை எரிந்து அணைகின்றனவா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஆர்சியில் உள்ள இன்ஜின் நம்பர் பிளாக்கில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, கடன் பாக்கி இருக்கிறதா, எஃப்சி எதுவரை என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. டெஸ்ட் எடுக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.

வாங்கியாயிற்று என்றால் முதல் வாரத்திலேயே ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றுங்கள். கழற்றிய ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு: ரிங், லைனர், கேம் பக்கத்திலிருந்து வருகிறது. ஒட்டாமல் வெள்ளி, செம்பு நிறத்தில் மினுங்கும் செதில் பேரிங்கிலிருந்து வருகிறது. செதில் இருந்தால் அந்த வண்டியில் சுமை ஏற்றாமல் நேராகப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். பேரிங் மட்டும் மாற்றினால் முடிகிற வேலை, கிராங்கைப் பிடித்துவிட்டால் இன்ஜினையே மாற்ற வைத்துவிடும்.