சுருட்டு இழுக்க வரவில்லையா? முதலில் ஓர் இளநீர் குடித்துப் பாருங்கள்

போன வருடம் கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு பெரியவர் என் கிளினிக்குக்கு வந்தார். பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி, குடமுருட்டிக் கரையோர ஊர். அறுபத்தெட்டு வயது. இன்னும் வயலில் இறங்கி நிற்கிற உடம்பு. கடைவாய்ப் பல் ஆடுகிறது, பிடுங்கிவிடுங்கள் என்றுதான் வந்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "இப்ப வர்ற சுருட்டெல்லாம் சரியில்லீங்க டாக்டரம்மா. இழுவையே இல்ல. கல்லு மாதிரி சுத்தி வச்சிருக்கான். மூணு கடை மாத்திட்டேன்."

கூட வந்த அவர் மனைவி விடவில்லை. "சுருட்டெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. இவரு இழுக்கையில வாயோரமா புகை கசியுது. சொன்னா எங்க கேக்குறாரு?"

அந்த அம்மா சொன்னதுதான் சரி. பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. இடது கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தால், அவர் வழக்கமாகச் சுருட்டை வைத்துக்கொள்ளும் இடத்தில் வெள்ளைப் படலம். அதன் நடுவே, ஓரம் தடித்த புண். விரலால் தொட்டேன், கெட்டியாக இருந்தது. "வலிக்குதுங்களா ஐயா?" என்றேன். "வலியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

காவிரிப் படுகையில் இருபது வருடத்துக்கும் மேலாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். சுருட்டு இழுக்க வரவில்லை என்பதை முன்பெல்லாம் நானும் ஊர்க்கதையாகவே கேட்டுவிட்டு விட்டிருக்கிறேன். இப்போது அப்படி விடுவதில்லை. யார் அப்படிச் சொன்னாலும் வாயைத் திறக்கச் சொல்லிவிடுவேன். அந்தக் குறை சுருட்டிலும் இருக்கலாம், வாயிலும் இருக்கலாம். எதில் என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிட முடியும்.

முதலில் சுருட்டு. நம் பக்கத்துக்காரர்களுக்கு இது பழகிய பொருள். உறையூர்ச் சுருட்டு கடல் கடந்து போன காலம் உண்டு. ஆங்கிலத்தில் செரூட் என்கிற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். முனீஸ்வரனுக்குப் படையல் போட்டால் இலையில் சுருட்டும் இருக்கும். கையால் சுற்றுகிற பொருள் என்பதால் ஒன்று போல் ஒன்று இருக்காது. உள்ளே வைக்கிற இலை முறுக்கிக்கொண்டாலோ, நடுநரம்பு குறுக்கே விழுந்தாலோ காற்றுப் போகிற வழி அடைபடும். இரு விரலால் தலையிலிருந்து அடி வரை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் மட்டும் முடிச்சுப் போலத் தட்டும். ஒரு கட்டுச் சுருட்டில் ஒன்றிரண்டு மட்டும் இப்படி இருந்து மற்றவை நன்றாக இழுத்தால், குறை சுற்றிய கையில்தான்.

இரண்டாவது காரணம் மழை. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் துவைத்த துணியே காய்வதில்லை. புகையிலை காற்றிலுள்ள ஈரத்தை நன்றாக உறிஞ்சும். இலை ஊறி உப்பினால் இடையில் உள்ள சந்துகள் மூடிக்கொள்ளும். பங்குனியில் இழுத்த அதே கடைச் சுருட்டு அடைமழையில் இழுக்காது. அப்படியானால் கட்டு முழுவதுமே இறுக்கமாக இருக்கும், நிழலில் ஒன்றிரண்டு நாள் உலர்த்தினால் சரியாகிவிடும். விரலிடையில் உருட்டி இளக்குவது, தலையை இன்னும் கொஞ்சம் நறுக்குவது, தென்னை ஈர்க்கால் குத்தி வழி விடுவது என்று பெரியவர்கள் செய்கிற வைத்தியமெல்லாம் இந்த இரண்டு வகை அடைப்புக்குத்தான் பலிக்கும்.

எந்தக் கடையில் வாங்கினாலும், உலர்த்தினாலும், ஈர்க்கு விட்டுப் பார்த்தாலும் எல்லாச் சுருட்டுமே இழுக்கவில்லை என்றால்? பக்கத்துத் திண்ணைக்காரர் அதே கட்டில் எடுத்த சுருட்டு அவருக்கு நன்றாக இழுக்கிறது என்றால்? அப்போது சுருட்டைக் கீழே வைத்துவிடுங்கள். ஓர் இளநீர் வாங்கி ஸ்ட்ரா போட்டுக் குடித்துப் பாருங்கள். அதையும் இழுக்கச் சிரமமாக இருந்தால், உதட்டோரம் காற்றுப் போனால், அல்லது முன்பைவிடப் பலமாக உறிஞ்ச வேண்டியிருந்தால், குறை வாயில்தான் இருக்கிறது. கன்னத்தைப் பலூன் போல உப்பி, உதட்டை மூடி, காற்றுக் கசிகிறதா என்று பத்து வரை எண்ணியும் பார்க்கலாம். இது என் அனுபவத்தில் வந்த எளிய சோதனை, அவ்வளவுதான். இளநீர் தடையில்லாமல் வந்தது என்பதால் வாயில் ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இழுப்பதற்கு வாயில் எத்தனை வேலை நடக்கிறது தெரியுமா? உதடு சுற்றிலும் இறுகி மூட வேண்டும். கன்னச் சதை விறைப்பாக நிற்க வேண்டும். நாக்கின் பின்பகுதியும் உள்நாக்குப் பக்கத்து மெல்லண்ணமும் ஒன்றோடொன்று சேர்ந்து பின்வழியை அடைக்க வேண்டும். அப்புறம் நாக்கு கீழே இறங்கினால்தான் உறிஞ்சும் விசை வரும். இதில் எது தவறினாலும் இழுவை போய்விடும்.

பல் விழுந்தவர்களுக்கு உதடும் கன்னமும் உள்ளே மடங்கிவிடும், பிடிமானம் இருக்காது. பல்செட் தளர்ந்து போனாலும் இதே கதைதான். இவையெல்லாம் சரிசெய்துவிடக் கூடியவை.

நான் அதிகம் கவலைப்படுவது வாய் திறப்பு குறைவதைப் பற்றி. நம் ஊரில் சுருட்டுப் பிடிப்பவர் பலர் வெற்றிலை, சீவலும் போடுகிறவர்கள். பாக்கு வருடக்கணக்கில் கன்னத்தில் அடங்கிக் கிடந்தால் உள்சதை நார் நாராக இறுகிவிடும். காரம் பட்டால் எரியும், வாய் மெல்ல மெல்லச் சுருங்கும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையில் நிறுத்திப் பாருங்கள். மூன்று விரல் போக வேண்டும். இரண்டோடு நின்றால் டாக்டரைப் பார்க்க நாள் தள்ளாதீர்கள்.

இன்னொன்று, ஒரே நாளில் திடீரென்று உதட்டின் ஒரு பக்கம் கோணி, புகையும் தண்ணீரும் அந்த ஓரமாகவே வழிந்தால் அது பல் டாக்டரிடம் வருகிற விஷயமே இல்லை. பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, கோணல் தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் போட்டாக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள். பீடியிலிருந்து சுருட்டுக்கு மாறி, பழக்கத்தில் நெஞ்சு வரை இழுப்பவர்களுக்கு மூச்சு வாங்கினால், அரசு மருத்துவமனை நெஞ்சக நோய்ப் பிரிவில் ஊதிப் பார்க்கும் சோதனை செய்துகொள்வது நல்லது.

"நான் உள்ள இழுக்கிறதே இல்ல டாக்டரம்மா, வாயிலேயே வச்சு ஊதிடுவேன்." இதைக் கேட்காத வாரம் கிடையாது. இதற்கு நான் நின்று பதில் சொல்வதுண்டு. சிகரெட் புகை கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது, அதன் நிக்கோட்டின் ஏற நெஞ்சுக்குள் இழுக்க வேண்டும். சுருட்டுப் புகை காரத் தன்மை உள்ளது. அதன் நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே இரத்தத்துக்குப் போய்விடும். அதனால்தான் உள்ளே இழுக்காமலே சுருட்டு திருப்தி தருகிறது. பற்றவைக்காத சுருட்டை வாயில் வைத்திருந்தாலும் அது ஏறும். எச்சிலில் கரைவது நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் என்று வழியெல்லாம் பட்டுக்கொண்டே இறங்கும். அளவையும் பாருங்கள். ஒரு சிகரெட்டில் 1 கிராம் புகையிலைகூட இருக்காது. பெரிய சுருட்டு ஒன்றில் 5 கிராமுக்கு மேலும் இருக்கும்.

இறுக்கமான சுருட்டில் கெடுதி இன்னும் கூடுகிறது. இழுக்காததை இழுக்க வைக்கப் பலமாக, அடிக்கடி உறிஞ்சுகிறார்கள். கங்கு சூடேறுகிறது, புகை சுடச்சுட வந்து அண்ணத்தில் அடிக்கிறது. வாயில் இருக்கும் முனை எச்சிலில் ஊறி உப்பி இன்னும் அடைக்கிறது. அணைந்து போகிறது, மறுபடி பற்றவைக்கிறார்கள். அரை மணியில் முடிய வேண்டியது ஒரு மணி நேரம் வாயிலேயே கிடக்கிறது, அதுவும் எப்போதும் ஒரே ஓரத்தில். ஈர்க்கு விட்டு வழி பண்ணினால் புகை தாராளமாக வரும். அதனால் வாய்க்கு நன்மை ஒன்றும் இல்லை.

சூடு பட்ட அண்ணம் வெளுத்துப் போய், அதில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். பழக்கத்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். கன்னத்திலும் நாக்கடியிலும் வருகிற படலம் வேறு. காலை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று உதட்டை மடக்கி, இரு கன்னத்தையும் ஒதுக்கி, நாக்கைத் தூக்கிப் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளை, வெல்வெட் போன்ற சிவப்பு, இரண்டு வாரமாக ஆறாத புண், கெட்டியான ஓரம், கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் வர வேண்டும். வெள்ளையைவிடச் சிவப்புக்கு நான் அதிகம் பயப்படுவேன். தொடக்கத்தில் வலி பெரும்பாலும் இருக்காது. வலிக்கவில்லை என்ற நம்பிக்கையில் காத்திருந்து, சோறு இறங்காத நிலையில் வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

குடமுருட்டிக் கரைப் பெரியவரின் பல்லை அன்று நான் பிடுங்கவில்லை. அந்த இடத்தில் புண் இருக்கும்போது சதைப் பரிசோதனைக்கு முன்னால் பல்லில் கை வைக்கக் கூடாது. தஞ்சாவூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருந்தது, அறுவை சிகிச்சைக்குக் கைக்காசு போடவில்லை. புற்றுநோயைக் கழுத்துக்குப் பரவுவதற்கு முன்னால் பிடித்துவிட்டார்கள். கடை கடையாக மாறிய அந்த ஐந்து வாரம் முன்னதாகவே வந்திருந்தால், வெட்டிய இடம் இன்னும் சிறிதாக இருந்திருக்கலாம்.

சுருட்டை அவர் விட்டதும் சுலபமாக நடக்கவில்லை. முதல் வாரம் தூக்கமில்லை, எல்லாரிடமும் சீறினார் என்று அவர் மனைவி சொன்னார். அது இயல்புதான், நிக்கோட்டின் இறங்குகிற நாட்கள் அவை. சாயங்காலம் வயலிலிருந்து வந்து திண்ணையில் உட்காரும் அரை மணிதான் கஷ்டம் என்றார் பெரியவர். அந்த நேரத்துக்கு மட்டும் இடத்தை மாற்றச் சொன்னேன். பேரனைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தார். விட நினைப்பவர்கள் 1800 11 2356 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம், கிட்டத்து அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது சுருட்டுக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தால், ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள்.